மஞ்சள் தண்ணீர் அழித்த அம்புக்குறி

என் கணவரின் வலது மணிக்கட்டில் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். வயர் வேலைக்குப் பாவிக்கிற டேப். அவர் ஊசி போடப்போகும் பிள்ளையைப் போலக் கையை நீட்டிவிட்டு, முகத்தை வாவிப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

“இறுக்காத புள்ள, ரத்தம் ஓடாது.”

“உள்ளுக்க ஓடாட்டியும் பறவாயில்ல. வெளியால ஓடாம இருந்தாக் காணும்” என்றேன்.

வைகாசி மாதத்துக் காலை. கச்சான் காற்று அப்போதுதான் தொடங்கியிருந்தது. பட்டறைக் கூரையின் தகரம் ஒரு பக்கம் கடகடவென்று அடித்தது. மரத்தூள் எழும்பி மூக்கில் ஏறியது. டேப்புக்கு அடியில் இருந்தது ஒரு மஞ்சள் நூல். ஆறேழு மாத வியர்வையில் கிடந்து, அது மஞ்சளா மண்ணிறமா என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்திருந்தது.

நூல், மோதிரம், மணிக்கூடு எதையும் கையில் போட்டுக்கொண்டு இயந்திரத்துக்குக் கிட்டப் போகக் கூடாது. இது எங்கள் பட்டறைச் சட்டம். அதை மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியவள் நான். அந்த நூலை அவருடைய கையில் கட்டியவளும் நான்தான். இரண்டையும் ஒருத்தியே செய்துவிட்டு வேறென்ன செய்வது? டேப் சுற்றினேன்.

இப்போதும் எங்கள் பட்டறையில், பிளக் பூட்டும் இடத்துக்கு மேலே, சுவர் ஆணியில் ஒரு மரக்கட்டை தொங்குகிறது. அதன் ஒரு மூலையைக் காணோம். வருகிறவர்கள் எல்லோரும் அது என்னவென்று கேட்பார்கள். அவசரத்தில் வந்தவர்களுக்கு “நாய் கடிச்சது” என்று சொல்லி அனுப்பிவிடுவேன். உண்மையை இங்கே எழுதுகிறேன்.

தலைகீழாய்த் தொங்கும் இயந்திரம்

இந்தத் தொடரை இடையில் பிடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் என் கணவர் சிவமும் தன்னாமுனைப் பக்கம், வாவிக் கரையில், தச்சுப் பட்டறை ஒன்று நடத்துகிறோம். கதவு, யன்னல், அலுமாரி எல்லாம் செய்வோம். உளி, சுத்தியல், கைரவுட்டர் அவருடைய பக்கம். மேசை ரவுட்டர் என்னுடைய பக்கம். வாய்ச் சண்டை இரண்டு பேருக்கும் பொது.

ரவுட்டர் என்று நான் எழுதினால் இணையம் தருகிற பெட்டிதான் ஞாபகம் வருகிறது என்று ஒரு வாசகி கடிதத்தில் சொல்லியிருந்தார். இது வேறு, தங்கச்சி. பலகையின் விளிம்பை வளைவாகச் சீவவும், நடுவில் பள்ளம் எடுக்கவும் பாவிக்கிற மின்சார இயந்திரம். அதன் வாயில் ‘பிட்’ என்கிற சின்ன வெட்டும் அலகு பூட்டியிருக்கும். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். ஆனால் சுற்றத் தொடங்கினால் கண்ணுக்கே தெரியாது. காற்றில் ஒரு நிழல் மாதிரித்தான் இருக்கும். அதுதான் அதிலுள்ள பொல்லாத்தனம். வாள் என்றால் பல்லைப் பார்த்தாவது பயம் வரும். இதைப் பார்த்தால் பயமே வராது.

கைரவுட்டரைப் பலகையின் மேல் வைத்து, உங்களுக்கு முன்னால் இருக்கிற விளிம்பில் இடமிருந்து வலமாகத் தள்ள வேண்டும். மேசை ரவுட்டரில் அதே இயந்திரம் மேசைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கும். பிட் மட்டும் ஒரு துளை வழியாக மேலே எட்டிப் பார்க்கும். இங்கே இயந்திரம் அசையாது, பலகைதான் போகும். அதனால் எல்லாம் மாறிவிடும்: பலகையை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும்.

பிட் சுற்றும் பக்கத்துக்கு எதிராகப் பலகையைக் கொடுத்தால் அது ஒழுங்காகச் சீவித் தரும். சுற்றும் பக்கத்துக்கே கொடுத்தால் கையிலிருந்து பறித்து எறியும். பறித்த வேகத்தில், பலகைக்குப் பின்னால் வந்த கை எங்கே போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்களுக்கு இந்த மேசையைக் கட்டித் தந்தவர் நிஸ்தார் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஓட்டமாவடியில் பலகை அரிந்து விற்கிற மரக்காலை வைத்திருக்கிறார். கட்டாரில் பதினைந்து வருடம் தளபாடத் தொழிற்சாலையில் நின்றவர். தடித்த பிளைவுட் பலகையில் துளை போட்டு, ரவுட்டரைக் கீழே பூட்டி, பலகை சாய்ந்து ஓடுவதற்கு ஒரு நேரான கட்டையும் வைத்தார். அந்தக் கட்டையை நாங்கள் ‘வேலி’ என்போம். வேலைப் பலகை எப்போதும் வேலியில் சாய்ந்துதான் போக வேண்டும். வேலிக்கும் பிட்டுக்கும் இடையில் பலகையைச் சிறை வைக்கக் கூடாது. வைத்தால் அம்பு மாதிரிப் பாயும்.

போகும்போது நானா ஒரு சோக்கை எடுத்து மேசையில் பெரிய அம்புக்குறி ஒன்று போட்டார்.

“இது உங்களுக்கில்ல தங்கச்சி, நீங்க மேசையிலயே பழகப் போறீங்க. இது சிவத்துக்கு. இருவது வருசமா அங்கால தள்ளின கை. மூள மறந்தாலும் கை மறக்காது.”

அதன் பிறகு சோக் மங்கும்போதெல்லாம் நான் அந்த அம்பைத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

கையுறைக் கதை

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். மேசை வந்த புதிதில், நல்ல மனதுள்ள ஒருவர் எங்களுக்கு இரண்டு சோடி தோல் கையுறை வாங்கி வந்து தந்தார். “கையப் பாதுகாக்கணும் அக்கா” என்றார். எனக்குச் சரியான சந்தோசம். போட்டுக்கொண்டு படமும் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நிஸ்தார் நானா ஓட்டமாவடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சலாமும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை.

“கழட்டுங்க. ரெண்டு பேரும் கழட்டுங்க. கட்டாரில எனக்குப் பக்கத்தில நிண்ட பொடியன், கையுற போட்டுத்தான் நிண்டான். வெறுங்கையெண்டா தோலச் சீவிட்டு உட்டிருக்கும். உறையப் புடிச்சு இழுத்ததில கையே போயிட்டு. சுத்துற சாமானுக்கு முன்னால ஒண்டும் தொங்கப்படாது. நூலும் தொங்கப்படாது.”

அன்றைக்குத்தான் நான் மட்டையில் சட்டம் எழுதினேன். சாரத்தோடு வேலைக்கு நிற்கக் கூடாது, காற்சட்டைதான். முழுக்கைச் சட்டை கூடாது. கண்ணாடியும் காதுமூடியும் கட்டாயம். பிட் மாற்றும்போது சுவிச்சை நிறுத்தினால் போதாது, பிளக்கையே கழற்றிக் கண்ணுக்கு முன்னால் வைக்க வேண்டும். கரண்ட் போனாலும் பிளக்கைக் கழற்ற வேண்டும். எங்கள் ஊரில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதுமில்லை, சொல்லிக்கொண்டு வருவதுமில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது இயந்திரம் தானாக உறுமத் தொடங்கிய அனுபவம் எனக்கு ஒருமுறை போதும்.

விரலால் பலகையைத் தள்ளவும் கூடாது. அதற்குப் பிடியுள்ள ஒரு கட்டை செய்து வைத்தேன். தள்ளுக்கட்டை. பிட் எதையாவது கடிக்க வேண்டுமென்றால் கட்டையைக் கடிக்கட்டும்.

இவ்வளவும் எழுதி ஒட்டிவிட்டுப் பெரிய டீச்சர் மாதிரி நின்றேன். சிவம் வாசித்துப் பார்த்துவிட்டு, “வாயால கத்தப்படாதெண்டும் ஒண்டு எழுதிவிடன்” என்றார்.

நான் வைத்த நேர்த்தி

அந்த மாரி காலத்தில் அவருக்கு எலிக்காய்ச்சல் வந்தது.

எங்களுக்கு வட்டை வெளியில் கொஞ்ச வயல் இருக்கிறது. விதைப்பு நேரம், காலில் ஒரு வெட்டுக் காயத்தோடு சேற்றில் இறங்கியிருக்கிறார். சொன்னால் கேட்கிற ஆளில்லை. நாலாம் நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் போகாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சிறுநீரகத்தைத் தாக்கிவிட்டது, இரண்டு நாள் போக வேண்டும், பார்ப்போம் என்றார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த மனிதரை விட்டால் எனக்குச் சண்டை பிடிக்கவும் ஆளில்லை.

எங்கள் பகுதிக் கண்ணகை அம்மன் கோயில்கள் வருடம் முழுவதும் பூட்டித்தான் இருக்கும். வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறப்பார்கள். நான் போனது மாரியில். பூட்டிய கதவுக்கு முன்னால் மழையில் நின்றேன். அழுதுகொண்டு நின்றாலும் தொழில் புத்தி போகவில்லை. கதவின் அடிப்பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது கண்ணில் பட்டது.

“தாயே, இந்தக் கதவ அவர் தன்ட கையாலேயே புதுசாச் செஞ்சு தருவார். நீ கதவு திறக்கிற நாள் வரைக்கும் நேத்தி நூல் அவர்ட கையில கிடக்கும். ஆள எனக்குத் திருப்பித் தா” என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கோயில் பிரகாரத்து மண்ணையும் மஞ்சளில் நனைத்த நூலையும் கொண்டுபோய், ஆஸ்பத்திரியில் அவர் கையில் கட்டினேன். ஊசி ஏறுகிற கை இடது, நூல் வலது. மூன்றாம் நாள் சிறுநீர் போனது. வார்ட்டில் எல்லோருக்கும் கேட்க “போயிட்டு!” என்று கத்தினேன். அதற்கு வெட்கப்பட்டதாக ஞாபகம் இல்லை.

டாக்டர்மாரின் மருந்தா, அம்மனா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் இரண்டு பேரையும் கும்பிட்டவள்.

நூலோடு வந்த மனிதரை மேசை ரவுட்டருக்குக் கிட்ட விடாமல் மாதக் கணக்கில் சமாளித்தேன். கைரவுட்டர் வேலையைக்கூட நூலை மேலே முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுத்தான் செய்வார். மேசை வேலை முழுதும் நான்.

மேசையைத் துடைத்தேன்

கோயில் கதவுக்கு முதிரை மரப் பலகை தந்ததும் நிஸ்தார் நானாதான். “கோயிலுக்கெண்டு சொல்லிட்டீங்க, மறுகா நான் சொத்தப் பலக தந்தாச் சரிவருமா?” என்று நல்ல பலகையாகத் தேடி எடுத்து அனுப்பினார். இரண்டு கதவுகள், அவற்றின் பலகைகளைச் சுற்றி விளிம்பு வளைத்த பதினாறு சட்டங்கள். பதினாலு சட்டத்தை அகலப் பலகையில் கைரவுட்டரால் விளிம்பு போட்டு, பிறகு அரிந்து எடுத்துவிட்டார். அதுதான் பயமில்லாத முறையும். கடைசி இரண்டுக்குப் பலகை போதவில்லை. மிச்சமாகக் கிடந்தவை இரண்டு விரல் அகலத் துண்டுகள். அந்த ஒல்லித் துண்டின் மேல் கைரவுட்டர் நிற்காது. மேசையில்தான் ஓட்ட வேண்டும்.

“நான் ஓட்டிவிடுறன்” என்றேன்.

“அவர்ட கையாலேயே எண்டு அம்மனுக்கு ஆர் சொன்னது? நான் சொன்னனா?” என்று கேட்டார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத பாவம்.

“அப்ப நூலக் கழட்டுங்க.”

“கதவு திறக்க முன்னம் கழட்டுறதா? அதையும் நீதான் சொன்ன.”

கதவு திறக்க மூன்றே நாள் இருந்தது. முழங்கைப் பக்கம் ஏற்றிப் பார்த்தேன், நைந்த நூல் நிற்காமல் வழுகி இறங்கியது. அதனால்தான் டேப் சுற்றினேன். அது புத்தியுள்ள வேலை இல்லை என்று சுற்றும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே செய்தேன்.

அதற்கு முன், விடியலில் நான் இன்னொரு வேலையும் செய்திருந்தேன். கோயில் வேலை அந்த மேசையில் நடக்கப்போகிறது. போன கிழமை அதில் யாரோ ஒருவரின் கோழிக்கூட்டுக் கதவு செய்தோம். மனம் கேட்கவில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, மஞ்சள் தண்ணீரில் சீலையை நனைத்து மேசையை மூலைமுடுக்கெல்லாம் துடைத்தேன். காய்ந்த பிறகு, பலகை வழுக்கி ஓட மெழுகுதிரியும் தேய்த்தேன். வேலைப் பலகையை வேலியோடு அழுத்திப் பிடிக்க ஒரு சீப்புப் பலகை பூட்டியிருந்தோம். சீப்பு மாதிரி வெட்டிய பலகை, ஒரு பக்கத்தால் மட்டும்தான் உள்ளே விடும். அதையும் துடைப்பதற்காகக் கழற்றி யன்னலில் வைத்தேன்.

மேசை பளபளவென்று இருந்தது. நிஸ்தார் நானாவின் அம்புக்குறி அதில் இல்லை. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. நான் அந்த அம்பைப் பார்த்து வேலை செய்கிறவள் இல்லையே.

ஒரே இழுவை

செய்து முடித்த ஒரு கதவு மேசைக்கு வலப்பக்கம், வெள்ளைச் சேலை போர்த்தி, பலகை தாங்குகிற இரண்டு மரக்குதிரைகளின் மேல் கிடந்தது. மேசையில் வலமிருந்து இடமாகத் தள்ளுவதென்றால் அவர் வலப்பக்க முனையில் நிற்க வேண்டும். நின்றால் முதுகு கதவைப் பார்க்கும். அம்மனின் கதவுக்கு முதுகு காட்ட அவருக்கு மனம் வரவில்லை. சுற்றிப் போய் இடப்பக்க முனையில், கதவைப் பார்த்தபடி நின்றார். எனக்கு அது பக்தியாகத்தான் பட்டது. நல்ல மனிதர் என்றுகூட நினைத்தேன்.

அவர் கண்ணாடி போட்டார், காதுமூடி போட்டார். நான் பிளக்கைப் பூட்டி, சுவிச்சைப் போட்டேன். காற்றில் தகரக் கதவு படாரென்று அடித்தது. அதைக் கொக்கியில் கொளுவப் போனேன். நாலு அடி தூரம் இருக்கும்.

திரும்பிப் பார்க்கும்போது அவருடைய வலது கையில் தள்ளுக்கட்டை. முதிரைச் சட்டம் மேசையின் இடப்பக்கத்தால் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“ஐயோ! மற்றப் பக்கம்! மற்றப் பக்கம்!”

காதுமூடி போட்ட மனிதருக்கு எங்கே கேட்கப் போகிறது? கட்டாயம் போடச் சொன்னதும் நான்தான்.

ஒரே இழுவை. சட்டம் கையை விட்டுப் போய், சேலை போர்த்திய கதவுக்கு மேலால் பறந்து, எதிர்த் தகரத்தில் மோதியது. தாங்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்த பலகை திடீரென்று இல்லாமல் போனதும், கையும் கட்டையும் முன்னால் விழுந்தன. கரகரவென்று ஒரு சத்தம். கட்டை துள்ளி நிலத்தில் விழுந்தது. அவர் கையை உதறியபடி பின்னால் சாய்ந்தார்.

நான் பாய்ந்து வந்து, மேசைக்கு அடியிலுள்ள சுவிச்சை முழங்காலால் அடித்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். பிட் உடனே நிற்கவில்லை. பாழ்பட்டது, ஊளையிட்டு ஊளையிட்டு மெல்லத்தான் நின்றது.

அவர் நிலத்தில் குந்தியிருந்தார். வலது கையை இடது கையால் மூடிப் பிடித்திருந்தார். எனக்கு அந்தக் கையைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

“திறங்க” என்றேன்.

திறந்தார். மணிக்கட்டைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. நூல் கிடந்த அதே இடத்தில். டேப்பும் இல்லை, நூலும் இல்லை. விரல்களை எண்ணப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை.

“இருக்கு புள்ள. எல்லாம் இருக்கு. அழாத.”

அவர் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டேன். பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஊசியால் எடுத்த நூல்

தள்ளுக்கட்டையின் ஒரு மூலை முழுதாகப் போயிருந்தது. கட்டை இல்லாமல் விரலால் தள்ளியிருந்தால் என்று அன்றைக்கு முழுதும் நினைத்தேன். இன்றைக்கும் சில நேரம் நினைப்பேன்.

நூல் பிட்டின் கழுத்தில் சுற்றிக் கிடந்தது, டேப்பும் சேர்ந்து பசையாக. வியர்வையில் டேப்பின் நுனி விட்டுப்போய்த் தொங்கியிருக்கிறது. பிட் அதைப் பிடித்து இழுத்திருக்கிறது. பழைய நூல், இத்துப்போனது, அதனால் அறுந்தது. அதற்கு முதல் நாள்தான் நான், “நூல் நைஞ்சு போயிட்டு, தடிச்ச நூலாப் பார்த்துப் புதுசாக் கட்டிவிடுறன்” என்று சொல்லியிருந்தேன். “கதவு திறக்க நாலு நாள்தானே, கிடக்கட்டும்” என்று அவர்தான் தடுத்தார். தடித்த நூல் என்றால் அறுந்திருக்காது.

பிட்டைக் கழற்றி, தையல் ஊசியால் நூலைத் துண்டு துண்டாக எடுத்தேன். அவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்தி முடிய முன்னம் அறுந்திட்டே. அம்மனுக்கு என்ன சொல்லப் போறாய்?”

அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் கவலை.

“நான் செய்த புத்திகெட்ட வேலையச் சொல்லப் போறன்” என்றேன். “மேசையத் துடைச்சு அம்ப அழிச்சது நான். சீப்புப் பலகையக் கழட்டினது நான். அது இருந்திருந்தா அந்தப் பக்கத்தால சட்டம் உள்ளுக்கே போயிராது. கையில நூலோட சுவிச்சப் போட்டதும் நான். உங்கள ஏசவும் எனக்கு வாய் வருகுதில்ல.”

“அப்ப இண்டைக்கு நல்ல நாள்தான்” என்றார் அவர்.

நிஸ்தார் நானாவுக்கு போன் எடுத்து எல்லாம் சொன்னேன். அவர் சொன்னார்: “ரெண்டு பேருக்கும் ரெண்டு அற விடணும். ஆண்டவன் காப்பாத்தினான் தங்கச்சி, அது உண்ம. ஆனா தெனமும் அவனையே வேலைக்கு வெக்காதீங்க.”

மறுநாள் காலை சிவம் முதலில் ஒரு உளியை எடுத்தார். மேசையில் அம்புக்குறியைச் செதுக்கினார். ஆழமாக, எந்தத் தண்ணீரும் அழிக்க முடியாதபடி. பிறகு நாங்கள் இரண்டு பேருமாகக் கதவைத் தூக்கி, மேசைக்கு இடப்பக்கம், அவர் பார்க்கிற பக்கத்தில் வைத்தோம். ஒரு கதவைத் தூக்கி மற்றப் பக்கம் வைக்க ஐந்து நிமிடம் போகவில்லை. முதல் நாள் எங்கள் இருவர் மண்டையிலும் அது உதிக்கவேயில்லை.

சீப்புப் பலகையைப் பூட்டினேன். புதுத் தள்ளுக்கட்டை செய்தேன். பறந்து போய் நுனி உடைந்த சட்டத்துக்குப் பதிலாக இன்னொரு துண்டு தேடி எடுத்தோம். வெறுங்கையோடு, வலமிருந்து இடமாக, ஒரே தரத்தில் ஆழமாக வெட்டாமல் மூன்று தரம் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டினார். நான் சுவிச்சில் முழங்காலை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். தகரக் கதவு தன்பாட்டில் அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முதிரை விளிம்பு நெய் பூசினது மாதிரி வந்தது.

அவருடைய கையாலேயே செய்து முடித்து, கோயில் வாசலில் கொண்டுபோய் மாட்டியும் விட்டார். அந்தச் சொல் தவறவில்லை.

கதவு திறந்த நாள்

ஊசியால் எடுத்த நூல் துண்டுகளை முடிச்சுப் போட்டு, கடிபட்ட தள்ளுக்கட்டையின் பிடியில் கட்டினேன். நூல் கிடந்தது அவர் கையில். கைக்குப் பதிலாகக் கடி வாங்கியது அந்தக் கட்டை. எங்கே கட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

கதவு திறக்கிற அன்று கோயில் நிரம்பிக் கிடந்தது. பெண்கள் எல்லோரும் தட்டத்தில் பூவும் தேங்காயும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் அந்தத் தட்டத்தில் மூலை இல்லாத ஒரு மரக்கட்டையையும் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கொஞ்சம் தள்ளி நின்றாள்.

பறை அதிர, குரவை எழும்ப, கதவு திறந்தது. எங்கள் கதவு. கிறீச்சென்ற சத்தம்கூட இல்லை. சிவம் பிணைச்சல்களுக்கு எண்ணெய் விட்டிருந்தார். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் அம்மன் முகம் தெரிந்ததும் நெஞ்சு உருகிப் போய்விட்டது.

நேர்த்தி வைத்தவர்கள் வரிசையாகப் போனார்கள். அங்கே பூசை செய்பவரைக் கட்டாடியார் என்போம். அவர் பழைய நூலை அவிழ்த்து வாங்கி, புது நூல் ஒன்றைக் கையில் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது.

“இதென்ன புள்ள? கட்டையும் கையுமா வந்து நிக்காய்?”

சொன்னேன். சுருக்கமாகச் சொல்ல நினைத்து, அம்புக்குறி, மஞ்சள் தண்ணீர், சேலை போர்த்திய கதவு எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. கட்டாடியார் அவசரப்படுத்தவில்லை. கட்டையின் கடிபட்ட மூலையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு பழைய நூலை அவிழ்த்து எடுத்து, அம்மன் காலடியில் வைத்தார்.

புது நூலை மஞ்சளில் தோய்த்து எடுத்தார். சிவம் பழக்கத்தில் வலது கையை நீட்டினார்.

நான் கட்டையை இடையில் நீட்டினேன்.

“இதில கட்டுங்க ஐயா. அவர்ட கையில வேணாம்.”

சிவம் என்னைப் பார்த்தார். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. கட்டாடியார், சிவம் நீட்டியிருந்த கையைப் பார்த்தார், அதில் இன்னும் மங்காமல் கிடந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார்.

“அம்மனுக்கு நேந்தது ஆள்ட உசிருக்குத்தானே? நூலுக்கில்லையே” என்றார். கட்டையின் பிடியில் நூலைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார். திருநீறு எடுத்து முதலில் கட்டைக்குப் பூசினார், பிறகு எங்களுக்குப் பூசினார்.

அந்தக் கட்டைதான் ஆணியில் தொங்குவது. அதை வேலைக்கு எடுப்பதில்லை. நூல் கட்டிய சாமான் இயந்திரத்துக்குக் கிட்டப் போகக் கூடாது, அதுதானே சட்டம்.

வரிசையை விட்டு விலகி, கதவுக்கு நேரே வந்து நின்றோம். சிவம் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். எல்லோரும் அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கண்ணீரில் எண்ண முடியாமல் போனதை, விளக்கு வெளிச்சத்தில், ஒவ்வொன்றாக எண்ணினேன்.

பத்து.